இரண்டு கருஞ்சிவப்புகளில் படிப்பறைக்கு எது பொருந்தும்?

கேள்வி: வீட்டில் படிப்பதற்கென்று ஒதுக்கிய அறைக்குக் கருஞ்சிவப்பு அடிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஷேட் கார்டிலிருந்து இரண்டு நிறங்களை எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று லேசாகக் காவிப் பக்கம் சாய்கிறது, மற்றது லேசாக ஊதாப் பக்கம். நிறுவனம் தரும் தகவல் தாளில் எல்.ஆர்.வி. மதிப்பு முதலாவதற்கு 9 என்றும் இரண்டாவதற்கு 6 என்றும் இருக்கிறது. அறைக்கு ஒரே சன்னல், நேர் வெயில் விழாது. தரை வெளிர் சாம்பல் டைல்ஸ். ஒரு சுவர் நெடுகக் கரும்பழுப்பு மர அலமாரி. பகலில் சிறிது நேரம் கணினி வேலை நடக்கும். மற்றபடி மாலையிலும் இரவிலும்தான் புழங்குகிறோம். வெள்ளைச் சுவரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பூசிப் பார்த்தேன். பகலில் வேறு வேறாகத் தெரிபவை இரவில் ஒன்றுபோல் ஆகிவிடுகின்றன. என் கணவர், "ரெண்டும் ஒண்ணுதானே, ஏதாவது ஒண்ணை அடி" என்கிறார். எதை எடுப்பது? நான்கு சுவர்களுக்கும் அடிக்கலாமா, ஒரு சுவரோடு நிறுத்திக்கொள்ளட்டுமா?

பதில்: நீங்கள் விவரித்திருக்கும் அறைக்குக் காவி சாய்ந்த முதல் சிவப்பே பொருந்தும் என்பது என் கருத்து, அதை நான்கு சுவர்களுக்கும் அடிக்கலாம். ஆனால் இதை நான் சொன்னேன் என்பதற்காக மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டாம். கருஞ்சிவப்பு அடித்தபின் மாற்ற நினைத்தால் அதை மூடுவதற்கே பல கோட் பிடிக்கும். ஆகையால் இந்த இரண்டும் எங்கே பிரிகின்றன, ஏன் பிரிகின்றன என்பதை உங்கள் கண்ணாலேயே பார்த்து உறுதிசெய்துகொள்வது நல்லது. அதற்கான வழியையும் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் அந்த 9, 6 என்ற எண்களைப் பார்த்துவிடுவோம். எல்.ஆர்.வி. என்பது ஒரு பரப்பின் மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் கண்ணின் உணர்திறனுக்கு ஏற்பக் கணக்கிட்டுச் சொல்லும் மதிப்பு. முழுக் கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 100. நூற்றில் மூன்றுதானே வித்தியாசம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் நம் கண் வெளிச்சத்தை அப்படிச் சீராக அளப்பதில்லை. இருண்ட பக்கத்தில் சிறு மாற்றத்தையும் பெரிதாக உணர்கிறது, வெளிறிய பக்கத்தில் பெரிய மாற்றத்தையும் பொருட்படுத்துவதில்லை. கண்ணுக்குத் தெரியும் வெளிர்மையை 0 முதல் 100 வரை அளக்கும் எல் ஸ்டார் என்ற அளவுகோலுக்கு இந்த மதிப்புகளை மாற்றினால், எல்.ஆர்.வி. 6 என்பது சுமார் 29 ஆகவும், 9 என்பது 36 ஆகவும் வருகின்றன. கிட்டத்தட்ட ஏழு படி இடைவெளி. இதே மூன்று புள்ளி வித்தியாசம் 80க்கும் 83க்கும் இடையே, அதாவது இரண்டு வெள்ளைகளுக்கு இடையே இருந்திருந்தால், அந்த இடைவெளி ஒன்றரைப் படிகூட வராது. ஆகவே உங்கள் இரண்டு சிவப்புகளும் சாயலில் மட்டுமல்லாமல் இருட்டிலும் கணிசமாக வேறுபட்டவை. விழும் ஒளி ஒன்றாகவே இருந்தாலும் முதல் சுவர் இரண்டாவதைவிட ஒன்றரை மடங்கு ஒளியைத் திருப்பித் தரும். ஒரே சன்னல் உள்ள அறையில் இதைச் சிறிய விஷயமாகக் கொள்ள முடியாது.

அடுத்தது சாயல். பகலில் பிரிந்து தெரிபவை இரவில் ஒன்றுபோல் ஆகின்றன என்று நீங்கள் கவனித்தது முழுக்கச் சரி; உங்கள் கணவர் சொல்வதும் இரவைப் பொறுத்தவரை சரிதான். ஊதா சாய்ந்த சிவப்பு, சிவப்பு ஒளியோடு கொஞ்சம் நீல ஒளியையும் திருப்பி அனுப்புகிறது. காவி சாய்ந்தது நீலத்துக்குப் பதிலாகக் கொஞ்சம் ஆரஞ்சை அனுப்புகிறது. நேர் வெயில் படாத சன்னல் வழியே வருவது பெரும்பாலும் வானத்தின் ஒளி. அதில் நீலம் மிகுதி. அந்த ஒளியில் இரண்டாவது சிவப்பின் நீலப் பங்கு முழுவதும் வெளியே வந்துவிடுகிறது. மஞ்சள் சார்ந்த இரவு விளக்கிலோ நீலம் மிகக் குறைவு. திருப்பி அனுப்புவதற்கு நீலமே இல்லாதபோது ஊதாச் சாயல் அடங்கி, இரண்டாவது முதலாவதன் பக்கம் வந்து நிற்கிறது. எனவே இரவில் எதை அடித்தாலும் உங்களுக்கு ஏறக்குறைய ஒரே அறைதான் கிடைக்கும். வித்தியாசம் பகலிலும் அந்தி நேரத்திலும் எழுகிறது; முடிவும் அந்த நேரங்களைப் பார்த்துத்தான் எடுக்கப்பட வேண்டும்.

அந்தி நேரத்தை நான் தனியாகக் குறிப்பிடக் காரணம் இருக்கிறது. வெளிச்சம் குறையக் குறைய மற்ற நிறங்களைவிடச் சிவப்பு முந்திக்கொண்டு கறுக்கும். பகல் வெளிச்சத்தில் நம் கண்ணின் உணர்திறன் 555 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது மஞ்சள் கலந்த பச்சையில், உச்சத்தில் இருக்கிறது. மங்கலில் அந்த உச்சம் 507 நானோமீட்டருக்கு, நீலம் கலந்த பச்சைக்கு, நகர்ந்துவிடுகிறது. அதனால் சிவப்பின் அலைநீளங்கள் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விடுகின்றன. செக் நாட்டு உடலியல் அறிஞர் யான் புர்கின்யே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கவனித்துச் சொன்னதால் இந்த மாற்றம் அவர் பெயராலேயே வழங்குகிறது. உங்கள் அறையில் மாலை விளக்கைப் போடுவதற்கு முந்தைய அந்த அரை மணி நேரத்தில், எல்.ஆர்.வி. 6 உள்ள ஊதாச் சிவப்பு கறுப்புக்கு மிக அருகில் போய்விடும். முதலாவதும் கறுக்கத்தான் செய்யும். ஆனால் தொடங்கும் இடமே சற்று வெளிச்சமானது என்பதால் சிவப்பு என்ற அடையாளம் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும். மாலையில்தான் அந்த அறையில் புழங்குகிறோம் என்று நீங்கள் எழுதியிருப்பதால் இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

"காவி சாய்ந்தது அட்டையில் மண்நிறமாக, உயிரில்லாமல் தெரிகிறதே" என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கக்கூடும். இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வருபவர்கள் பலருக்கும் அது உண்டு. இங்கேதான் அட்டை நம்மை ஏமாற்றுகிறது. ஒரு சுவர் திருப்பி அனுப்பும் ஒளி நேராக நம் கண்ணுக்கு வந்து முடிந்துவிடுவதில்லை; அதில் ஒரு பகுதி எதிர்ச் சுவரில் பட்டு, அங்கிருந்து பக்கத்துச் சுவரில் பட்டு, அதன்பிறகே வருகிறது. ஒவ்வொரு முறை படும்போதும் பச்சையும் நீலமும் பெருமளவு விழுங்கப்பட, சிவப்பு மட்டும் ஓரளவு தப்பி மீள்கிறது. அதனால் நான்கு சுவர்களும் ஒரே நிறமாக இருக்கும் அறையில் அந்த நிறம் அட்டையில் இருப்பதைவிடச் செறிவாகவும், கூடுதல் சிவப்பாகவும் தெரியும். காவிப் பக்கம் சாய்ந்த சிவப்பு இந்த வழியில் தன் மண்தன்மையில் ஒரு பங்கை இழந்து, நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் ஆழ்ந்த சிவப்பை நோக்கி நகர்ந்துவிடும். ஊதா சாய்ந்ததும் இப்படியே செறிவடையும். ஆனால் ஏற்கெனவே இருண்ட அந்த நிறத்துக்குச் செறிவு கூடினால் மூலைகள் இன்னும் ஆழமாகி, சிறிய அறையில் சுவர்கள் நெருங்கி வருவதுபோல் ஆகிவிடும். கடை வெளிச்சத்தில், விரலளவுச் சதுரத்தில், இவற்றில் எதுவும் தெரிய வாய்ப்பில்லை.

இதை நேரில் காண எளிய வழி ஒன்று உண்டு. கெட்டியான அட்டை ஒன்றை எடுத்து விளிம்பு வரை, வெள்ளை ஓரம் விடாமல், ஒரு நிறத்தை இரண்டு கோட் பூசிக் காயவிடுங்கள். பிறகு பூசிய பக்கம் உள்ளே இருக்கும்படி நடுவில் மடித்து, பாதி திறந்த புத்தகம்போல் அறையின் மூலையில் நிறுத்துங்கள். மடிப்புக்கு அருகே நிறம் எவ்வளவு செறிவாகிறது, விளிம்பில் எவ்வளவு தட்டையாக இருக்கிறது என்பது உடனே தெரியும். அடித்து முடித்த அறை அந்த மடிப்புப் பகுதியை ஒத்திருக்கும், விளிம்பை ஒத்திராது. இரண்டு நிறங்களுக்கும் தனித்தனி அட்டை செய்து பார்த்தால், பகல் வெளிச்சத்தில் நான் மேலே சொன்னதை நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் செய்த சோதனையில் மாற்ற வேண்டியது இரண்டு. வெள்ளைச் சுவரில் பூசினால் சுற்றியுள்ள வெள்ளை காரணமாக எந்தக் கருஞ்சிவப்பும் இருப்பதைவிட இருண்டு தெரியும். அதைவிடப் பெரிய சிக்கல், இரண்டையும் ஒட்டி ஒட்டிப் பூசியது. பாரிஸ் நகரத்து கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்துவந்த வேதியியலாளர் ஷெவ்ரல், பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்படும் நிறங்கள் ஒன்றையொன்று எதிர்த்திசையில் தள்ளும் என்பதை விளக்கி 1839இல் ஒரு நூலே எழுதினார். உங்கள் சுவரில் நடந்தது அதுதான். காவிச் சிவப்பு பக்கத்தில் இருந்ததால் மற்றது உள்ளதைவிட ஊதாவாகவும், அது பக்கத்தில் இருந்ததால் காவிச் சிவப்பு உள்ளதைவிட ஆரஞ்சாகவும் தெரிந்திருக்கும். உங்கள் அறையில் அவை இரண்டும் ஒருநாளும் சேர்ந்து இருக்கப்போவதில்லை. ஆகவே சேர்த்து வைத்துப் பார்த்த பார்வையை முடிவுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒப்பிடுவது என்றால் பக்கத்தில் வைப்பது என்றே நாம் பழகியிருக்கிறோம். சாயல் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க அது உதவும். வாழ்வதற்கு எது என்று முடிவெடுக்க உதவாது. குறைந்தது 60 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒவ்வொரு பலகை தயார்செய்து, ஒரு நாள் முழுவதும் ஒன்றை மட்டும் அறையில் வையுங்கள். மறுநாள் அதை வெளியே எடுத்துவிட்டு மற்றதை வையுங்கள். காலை, கணினி வேலை செய்யும் நேரம், விளக்குப் போடுவதற்கு முந்தைய அந்தி, விளக்குப் போட்ட பின் ஆகிய நான்கு பொழுதுகளிலும், சன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு முறையும் சன்னல் இருக்கும் சுவரிலேயே ஒரு முறையுமாகப் பாருங்கள். சன்னல் இருக்கும் சுவர் ஒளிக்கு முதுகு காட்டி நிற்பதால் அறையிலேயே இருண்டது அதுதான். அங்கே பிடித்த நிறம் மற்ற சுவர்களிலும் பிடிக்கும்.

பலகையை நிறுத்தும்போது அதன் அடிப்பக்கம் டைல்ஸைத் தொட வேண்டும், ஒரு பக்கம் மர அலமாரியைத் தொட வேண்டும். சாம்பல் தரை இந்த விஷயத்தில் நீங்கள் நினைப்பதைவிட அதிகம் பேசும். சிவப்புக்குப் பக்கத்தில் நடுநிலைச் சாம்பல் எப்போதும் பச்சையின் திசையில் நகர்ந்து தெரியும். காவி சாய்ந்த சிவப்பின் அருகில் அது நீலம் கலந்த பச்சைச் சாயலைக் காட்டும். டைல்ஸுக்கு அது குளிர்ச்சியான, சுத்தமான தோற்றம். ஊதா சாய்ந்த சிவப்பின் அருகில் அதே சாம்பல் மஞ்சள் கலந்த பச்சைப் பக்கம் போகும். வெளிர் டைல்ஸில் அந்தச் சாயல் துடைக்காத தரைபோல் தெரியக்கூடும். முதலாவதை நான் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மர அலமாரியைப் பொறுத்தவரை நேர்மையாகச் சொன்னால் ஊதாச் சிவப்புக்கே சாதகம். கரும்பழுப்பு மரம் அதற்கு முன்னால் தனித்து எடுப்பாக நிற்கும். காவிச் சிவப்பின் முன்னால் ஓரளவு கரைந்துவிடும். அலமாரி நிறையப் புத்தகங்கள் இருந்தால் வெளியே தெரியும் மரம் சட்டங்கள் மட்டும்தான் என்பதால் இந்தக் கரைதலை நான் குறையாகக் கருத மாட்டேன். அறைக்கு அது அமைதியைக் கூட்டும். ஆனால் அந்த அலமாரியே அறையின் அழகு, அது எடுத்துக்காட்டப்பட வேண்டும் என்பது உங்கள் விருப்பமானால், என் பரிந்துரைக்கு எதிராக நிற்கும் வலுவான வாதம் அதுதான். அதோடு பகல்நேரக் கணினி வேலையையும் வேறு அறைக்கு மாற்றிக்கொள்ள முடியுமானால் இரண்டாவதை எடுப்பதில் எனக்கு மறுப்பில்லை.

விளக்குகளைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. இருந்தாலும் இந்த இரண்டு சிவப்புகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைவிடப் பெரிய வித்தியாசத்தை ஒரு தவறான பல்பு உண்டாக்கிவிடும் என்பதால் சொல்லியாக வேண்டும். எல்.இ.டி. விளக்குகளின் பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருக்கும். நிறங்களை அந்த விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான மதிப்பு அது. ஆனால் அந்தச் சராசரி எட்டு வெளிர் நிறங்களை வைத்துக் கணக்கிடப்படுவது. அடர்சிவப்பு அந்த எட்டில் இல்லை. அது ஆர்9 என்ற பெயரில் தனியாக அளக்கப்படுகிறது. சி.ஆர்.ஐ. 80 என்று போட்ட விளக்கின் ஆர்9 மதிப்பு பூஜ்யத்துக்கு அருகில்கூட இருக்கலாம். அத்தகைய விளக்கின் கீழ் உங்கள் சுவர், எந்தச் சிவப்பாக இருந்தாலும், பழுப்பாகச் செத்துத் தெரியும். நிறத்தைத் தப்பாகத் தேர்ந்துவிட்டோம் என்று நீங்கள் வருந்துவீர்கள். சி.ஆர்.ஐ. 90க்கு மேலும் ஆர்9 குறைந்தது 50 ஆகவும் உள்ள, 2700 முதல் 3000 கெல்வின் நிறவெப்பம் கொண்ட, அதாவது மஞ்சள் சார்ந்த ஒளி தரும் விளக்குகளை வாங்குங்கள். பலகையைச் சோதிக்கும் இரவும் அதே விளக்குகள் எரிய வேண்டும். இன்னொன்று, வெள்ளைச் சுவர் இருந்தபோது கூரையில் ஒரே விளக்கு போதுமானதாக இருந்திருக்கும். இனி விழும் ஒளியில் நூற்றுக்கு 90க்கு மேல் சுவரே விழுங்கிவிடும். கூரை விளக்கின் வாட்டைக் கூட்டுவதைவிட, படிக்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒன்று, மேசையில் ஒன்று, சுவரை உரசி ஒளி விழும்படி ஒன்று என்று பிரித்து வைத்தால் சிவப்பு உயிரோடு தெரியும், கண்ணுக்கும் சிரமம் இராது.

நான்கு சுவரா, ஒரு சுவரா என்ற கேள்விக்கு என் பதிலில் தயக்கமில்லை: நான்கு சுவர். ஒரு சுவருக்கு மட்டும் கருஞ்சிவப்பு அடித்து மற்றவற்றை வெள்ளையாக விட்டால், அந்த வெள்ளைகளின் நடுவே அது ஒரு இருண்ட செவ்வகமாகத் துண்டித்து நிற்கும். சுவர்கள் ஒன்றுக்கொன்று ஒளி கொடுத்துச் செறிவடையும் அந்த நல்ல காரியமும் நடக்காது. கூரைக்கு மட்டும் வெள்ளை போதும். நீலச்சாயல் கொண்ட பளிச்சென்ற வெள்ளை வேண்டாம். சற்று மஞ்சள் சார்ந்த வெள்ளையாக எடுங்கள். சுவரை ஒட்டிய இடங்களில் கூரை லேசாக இளஞ்சிவப்பாகத் தெரியும். அது சுவரிலிருந்து ஏறும் ஒளி. பூச்சில் ஏதோ கலந்துவிட்டது என்று பெயின்டரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

பூச்சின் பளபளப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பளபளப்பில்லாத மேட் பூச்சில் இரண்டு நிறங்களும் சற்று வெளிறி மென்மையாகத் தெரியும். லேசாகப் பளபளக்கும் சாட்டினில் ஆழமாகத் தெரியும், ஆனால் சன்னலின் பிம்பம் சுவரில் படியும், சுவரின் மேடுபள்ளமும் வெளியே தெரியும். சாதாரண மேட் பூச்சில் அடர்நிறம் அடித்தால், நாற்காலி முதுகோ கையோ உரசிய இடம் பளபளத்துத் தடம் காட்டும். கழுவத்தக்க மேட் என்று விற்கும் வகை உங்களுக்குப் பொருந்தும். அட்டையைச் சோதிப்பதும் அதே வகைப் பூச்சில் இருக்கட்டும். ஒன்றை மேட்டிலும் மற்றதைச் சாட்டினிலும் பூசி ஒப்பிட்டால் நீங்கள் ஒப்பிடுவது பளபளப்பை மட்டும்தான்.

கடைசியாக வேலை முறை. கருஞ்சிவப்புச் சாயம் கலக்கப்படும் மூலப் பெயின்டில் (பேஸ்) மறைக்கும் திறன் கொண்ட வெள்ளை நிறமியான டைட்டானியம் டை ஆக்சைடு மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். அது இருந்தால் சிவப்பு இளஞ்சிவப்பாகிவிடும். எனவே மறைக்க வேண்டிய பொறுப்பு முழுவதும் சாயத்தின் மேல் விழுகிறது. இதில் உங்கள் இரண்டு நிறங்களும் பொதுவாக ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. காவிச் சாயலைத் தருவது பெரும்பாலும் சிவப்பு இரும்பு ஆக்சைடு. அது நன்றாக மறைக்கும், எளிதில் வெளுக்காது. ஊதாச் சாயலைத் தரும் மஜெந்தா வகைக் கரிமச் சாயங்கள் அடியில் இருப்பதைக் காட்டிவிடும் ஒளி ஊடுருவும் தன்மை உள்ளவை. இரண்டு கோட்டுக்குப் பிறகும் ரோலர் ஓடிய தடம் தெரிந்து, மூன்றாவது, நான்காவது கோட் தேவைப்படலாம். டின்டிங் இயந்திரத்தில் கலந்து கொடுக்கும்போது டப்பா மூடியில் ஒட்டும் சீட்டில் எந்தச் சாயம் எவ்வளவு என்று அச்சாகியிருக்கும். சோதனைக்கு வாங்கும் சிறிய டப்பாக்களிலேயே அதைப் படித்துக் கடைக்காரரிடம் விளக்கம் கேளுங்கள். எதை எடுத்தாலும் முதலில் வெள்ளை பிரைமருக்குப் பதிலாக நடுத்தரச் சாம்பல் நிறப் பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். சிவப்புக்கு அடியில் வெள்ளை இருந்தால் சிறு இடைவெளியும் பளிச்சென்று தெரியும். சாம்பல் இருந்தால் ஒரு கோட் மிச்சமாகும் வாய்ப்பு அதிகம்.

ஒரு கோட் ஈரமாக இருக்கும்போது நிறத்தைப் பார்த்துக் கலங்க வேண்டாம். ஈரத்தில் தெரிவது காய்ந்தபின் மாறும், முழுதாகக் காய்ந்த மறுநாள் பார்த்தால் போதும். நான்கு சுவர்களுக்கும் வேண்டிய அளவை ஒரே நேரத்தில் கலந்து வாங்கி, எல்லா டப்பாக்களையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலக்கியபின் தொடங்கச் சொல்லுங்கள். டப்பாவுக்கு டப்பா வரும் சிறு வித்தியாசம் வெளிர்நிறங்களில் மறைந்துவிடும். கருஞ்சிவப்பில், ஒரு சுவரின் பாதியில் டப்பா மாறினால், அந்த இடம் கோடாகத் தெரியும். மிஞ்சியதை மூடி இறுக்கி, மூடியின் சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடர் மேட் சுவரில் தனித்தனியாக ஒட்டுப்போட்டால் அந்தத் திட்டுகள் தெரியும் என்பதால், பின்னால் கீறல் ஏதும் விழுந்தால் அந்தச் சுவரை மூலையிலிருந்து மூலை வரை ஒரு கோட் அடிக்க வேண்டியிருக்கும். அதற்குத் தேவையான அளவையும் இப்போதே சேர்த்து வாங்கிவிடுங்கள்.